தறி வீட்டுப் பிள்ளையும் கம்ப்யூட்டர் பிள்ளையும்

நகரியில் நாகேந்திரனின் விசைத்தறிகள் ஒன்றாக ஓடினால் அடுத்த ஊரான புத்தூரின் மாடிகளில் காயும் வடாம் நொறுங்கும். அந்த ‘டடக் டடக்’ இரைச்சலுக்கு நடுவில்தான் அவன் மகன் யஸ்வந்த், எட்டு மாதப் பொடியன், பேச்சுப் பழகிக்கொண்டிருந்தான்.

அவன் சித்தி ஹரிதா திருப்பதியில் ஆராய்ச்சி மாணவி. வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டே கைக்குழந்தை ப, த, ம என்று ஒலிகளைப் பிரித்தறிகிறதே, அதைக் கம்ப்யூட்டரால் செய்து காட்டுவதுதான் அவள் வேலை. யஸ்வந்தின் சட்டையில் குட்டி ரெக்கார்டரைத் தைத்து, சேர்ந்த சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஊட்டினாள்.

அதுவும் சமர்த்தாகக் கற்றுக்கொண்டு, தமிழின் தலையாய மெய்யெழுத்து ‘டடக்’ என்று அறிவித்தது!

பேராசிரியர் உமாபதி சிரித்த சிரிப்பில் ஏழுமலையும் ஓரடி நகர்ந்தன. பிறகு சொன்னார்: “வெள்ளிக்கிழமை உன் ஆராய்ச்சியப் பாக்க கமிட்டி வருதும்மா. அதுக்குள்ள சரியாகலன்னா வேற தலைப்புதான்.”

இரண்டு வருட உழைப்பு! ஹரிதா அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, மாமாவ ஒரு நாளு தறிய நிறுத்தச் சொல்லேன்.”

“நிறுத்தினா யஸ்வந்து ஊரக் கூட்டுறான்டி. தறி ஓடினாத்தான் தூக்கமே.”

பின்னாலிருந்து நாகேந்திரன் கத்தினான்: “இன்னாவாம்? கம்ப்யூட்டருக்குக் காது அவிஞ்சி பூட்சா?”

“ஆமா மாமா! உங்க தறியத்தான் பெத்த தாயின்னு நெனச்சிக்கினுகீது!”

அந்த நேரம் யஸ்வந்த் “ப்பா” என்றான். அவ்வளவுதான், ஹரிதாவை அந்தரத்தில் விட்டுவிட்டு அக்கா அவனிடம் தாவினாள். “இன்னாடா கண்ணு? நைனாவா? தோ கீறாரு பாரு நைனா!” நாகேந்திரனும் ஓடிவந்து “ப்பா, ப்பா” என்று கூடச் சேர்ந்துகொண்டான். தறி மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஹரிதா நாற்காலியை விட்டுத் துள்ளினாள். பிள்ளை வாய் திறந்தால் மனிதர்கள் மறுமொழி சொல்கிறார்கள், தறி சொல்வதில்லை! குழந்தை குரல் கொடுத்த கையோடு வரும் சத்தத்துக்கே அதிக மதிப்பு என்று கம்ப்யூட்டருக்குப் புதிய விதி எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ப, த, ம மூன்றும் திரையில் தனித்தனிக் கூட்டமாக வந்து உட்கார்ந்தன. டடக் ஒரு மூலையில் முடங்கிக் கிடந்தது. கமிட்டி கைதட்டியது.

எல்லோரும் போனபின் உமாபதி அவளை ஓரமாக அழைத்தார்.

“அடுத்தது எங்க வீட்டுல ரெக்கார்ட் பண்ணும்மா, பேத்தி பொறந்திருக்கா. தறியெல்லாம் இல்ல. மூணு மச்சானுங்க இருக்காங்க. அவங்க வாயில தமிழும் தெலுங்கும் ஒண்ணாவே ஓடும். நிறுத்தறதுக்கு ஸ்விட்சும் கெடையாது.”