சிமிட்ட முடியாத கண்

சூலூரில் விசைத்தறி ஓட்டும் மாசாணியம்மாளுக்கு ஐந்து வருடத்தில் மூன்று முறை, அதே வலக்கண்ணில், கருவிழியைப் புண்ணாக்கும் ஒரு வைரஸ் வந்துபோனது. வந்தபோதெல்லாம் வெளிச்சம் ஊசியாய்க் குத்தும். ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடப்பாள். மூன்றாம் முறை கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அறுந்த இழை தெரியாமல் துணி பாழாகவே, முதலாளி அவளைத் தறியிலிருந்து எடுத்து, தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்காரவைத்தார்.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். கோயமுத்தூர் கண் டாக்டர் கீதா சொன்னார்: "தழும்பை லேசர்ல சீவி எடுத்தரலாம்ங்க. ஆனா வைரஸ் நரம்புக்குள்ள தூங்குது. அதை லேசர் தொடாது. சில பேருக்கு லேசரே அதை எழுப்பி உட்டுரும்."

"எடுக்காம உட்டா என்னாகுமுங்க?"

"தழும்பு இப்படியேதான் இருக்கும். வைரஸ் அப்பவும் வரலாம்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். "இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்குது அம்மணி, உட்டுரு" என்றார் வீட்டுக்காரர் சுப்பண்ணன். மறுவாரம் அவள் போய் லேசருக்குக் கையெழுத்துப் போட்டாள்.

மேசையில் படுக்கவைத்துச் சொட்டுமருந்து விட்டார்கள். ஒரு கம்பி இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டது. வலி இல்லை, கண்ணை மூட வழியும் இல்லை. சிமிட்டப் பார்த்தாள்; இமை அசையவில்லை.

"சிவப்பு வெளிச்சத்தையே பாருங்க. அசையாதீங்க."

இயந்திரம் டக்டக்கென்று அடித்தது. முடி கருகுகிற வாசம் வந்தது. கருகுவது தன் கண்தான் என்று புரிந்ததும் எழுந்து ஓடத் தோன்றியது. சேலையை இறுக்கிப் பிடித்தபடி கிடந்தாள்.

இரண்டு மாதத்தில் தறிக்குத் திரும்பினாள். இழை இழையாகத் தெரிந்தது.

நான்காம் மாதம் ஒரு காலையில் கண்ணில் மண் விழுந்தாற்போல் உறுத்தியது.

"பஞ்சு உழுந்திருக்கும்" என்றார் சுப்பண்ணன்.

"பஞ்சில்லீங்க. எனக்குத் தெரியும்."

முன்பெல்லாம் நான்கைந்து நாள் பொறுத்துப் பார்ப்பாள். இம்முறை முகம்கூடக் கழுவாமல் பஸ் ஏறினாள். டாக்டர் கண்ணில் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தார்.

"வைரஸ்தானுங்க, ஆனா ஓரத்துல சின்னக் கோடு மட்டுந்தான். சீக்கிரம் வந்துட்டீங்க."

களிம்பில் இரண்டு வாரத்தில் ஆறியது, பார்வை போகவில்லை. பிறகு தினம் இரண்டு வேளை மாத்திரை, ஒரு வருடத்துக்கு.

"அதுக்கப்புறம் வராதுங்களா?"

"குறையும்ங்க. வராதுன்னு சொல்ல முடியாது."

அதிலிருந்து, சோறாக்கும்போதும் நடக்கும்போதும் இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொள்வது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. "தெரியுதா?" என்று சுப்பண்ணன் கேட்பார்.

"இப்போதைக்குத் தெரியுதுங்க" என்பாள்.