எதிர்க்கடைக்குப் போட்ட ஒற்றை ஸ்டார்

கிருஷ்ணப்ரியா நீட்டிய செல்போனைப் பார்த்து அவள் அப்பா நவநீதகிருஷ்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா சௌந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அருப்புக்கோட்டையில் அவர்களுடைய ஜவுளிக்கடைக்கு எதிரே ஈஸ்வரி புதிதாகச் சேலைக்கடை திறந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் கிருஷ்ணப்ரியா அந்தக் கடைக்குப் பொய்ப்பெயர்களில் ரிவியூ எழுதியிருந்தாள். எல்லாம் ஒற்றை ஸ்டார். 'ஒரு தடவை துவைச்சதுமே சாயம் போயிருச்சு, யாரும் போகாதீங்க.'

"நீ அங்க சேலை எடுத்தியா?"

"இல்லம்மா. நம்ம கடைக்காகத்தான்..."

"சின்னப்புள்ள, விளையாட்டா செஞ்சிருக்கு. விடு," என்றார் நவநீதகிருஷ்ணன்.

"விளையாட்டுன்னா சொந்தப் பேர்லயே எழுதியிருப்பாளே?" சௌந்தரம் எழுந்தாள். "கிளம்புடி. அவுக கடைக்குப் போவோம்."

"அழிச்சுடுறேம்மா. அங்க எதுக்கு?"

"அவுக மூஞ்சிக்கு நேரா இதைச் சொல்லியிருப்பியா? மாட்டேல்ல? அப்ப வா."

ஈஸ்வரியின் கடையில் ஆளே இல்லை. பின்கட்டுக் கொடியில் புதுச் சேலைகள் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. கிருஷ்ணப்ரியா திக்கித் திக்கி விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

ஈஸ்வரி கத்தவில்லை. "எந்தச் சேலையில சாயம் போச்சுன்னு தெரியாம ஒவ்வொண்ணா நனைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள். "வீரசோழன்ல இருந்து கல்யாணத்துக்கு எடுக்க வாரோம்னு சொன்னவுக, இதைப் படிச்சுட்டு வேணாம்னுட்டாக."

கிருஷ்ணப்ரியா அங்கேயே எல்லாவற்றையும் அழித்தாள்.

"அழிச்சுட்ட. அதைப் படிச்சவுகளுக்கு யாரு சொல்றது?" என்றாள் ஈஸ்வரி.

மன்னிப்புக் கேட்டால் காரியம் முடிந்துவிடும் என்றுதான் சௌந்தரமும் நினைத்திருந்தாள். மகள்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தக் கல்யாண வீட்டுக்காரவுக நம்பர் குடுங்க அத்தை. நான் பேசுறேன்."

பேசினாள். எதையும் மழுப்பவில்லை. "மதுரையில எடுத்தாச்சேம்மா, இனி என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். கிருஷ்ணப்ரியாவின் கண்கள் நிறைந்தன. ஈஸ்வரி பின்கட்டுக்குப் போய் ஈரச் சேலைகளை உதறிப் போட்டாள். அவள் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று சௌந்தரமும் எதிர்பார்க்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும் மகளிடம் சொன்னாள்: "அதே இடத்துல நம்ம கடை பேர்லயே போடு. ஈஸ்வரி கடையைப் பத்தி வந்தது பொய், எங்க வீட்டுப் பிள்ளை எழுதினது, வருந்துறோம்னு."

"கடைப் பேரைக் கெடுக்கவா பாக்குற?" நவநீதகிருஷ்ணன் பதறினார். "ஊரே சிரிக்கும்!"

"காலையில நீங்களுந்தான் சிரிச்சீக. நீ எழுதுடி."

எழுதினாள். நவநீதகிருஷ்ணன் அன்று முழுக்க மனைவியோடு பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ணப்ரியா கடையில் இருந்தாள். நரிக்குடியிலிருந்து துணி எடுக்க வந்த ஓர் அம்மாள் கேட்டே விட்டாள்: "போன்ல போட்டிருந்தீகளே, எதுத்த கடையைப் பத்திப் பொய் எழுதினது யாரு?"

நவநீதகிருஷ்ணன் குனிந்து துணி மடிக்கத் தொடங்கினார். சௌந்தரம் மகளைப் பார்த்தாள்; தான் முந்திக்கொள்ளவில்லை.

"நான்தாம்மா," என்றாள் கிருஷ்ணப்ரியா. "அவுக சேலையில சாயம் போகாது."