இரண்டு நாற்காலி அகலம்

ஃபௌஸ்தினோ இறந்த ஒன்பதாம் நாளிலிருந்து, கராஃபியா என்ற தீவு ஊரில் அவர் வீட்டில், அவர் சாப்பிட உட்காரும் நாற்காலியின் மேல் நீல வெளிச்சம் விழத் தொடங்கியது. விளக்கும் கிடையாது, கூரையில் ஓட்டையும் கிடையாது. மலையுச்சித் தொலைநோக்கியின் கண்ணாடிகளைத் துடைத்துச் சரிசெய்வது இருபத்திரண்டு வருடங்களாக அவர் வேலையாக இருந்தது. வெடித்துச் செத்த நட்சத்திரங்களின் மிச்சத்திலிருந்து வரும் காமா கதிர் காற்றில் மோதும்போது, இமைப்பதற்குள் மின்னி மறையும் நீலத்தைத்தான் அந்தக் கண்ணாடிகள் பிடிக்கும். அதில் கொஞ்சம் அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றாள் மனைவி ஒப்துலியா. ஊரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கோஃபியோ என்ற வறுத்த தானிய மாவைப் பாலில் கரைத்துக் குடித்தபடி, ஆட்டுக்குக் கால் பிசகியது முதற்கொண்டு எல்லாவற்றையும் அந்த வெளிச்சத்திடம் சொல்லிவந்தாள்.

ஏழாம் வருடம் சிக்கல் வந்தது. தொலைநோக்கிகளுக்காக இருட்டைக் காக்கும் சட்டம் அந்தத் தீவில் உண்டு. வெளிச்சம் நிஜமென்றால் அந்த அறையைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும் என்று அதிகாரி இகினியோ நோட்டீஸ் கொடுத்தார். எல்லோர் கண்ணுக்கும் நீலம் தெரிந்தது. ஆனால் இகினியோ கண்ணை நம்புகிற ஆளில்லை. அளந்து பார்க்க மலையிலிருந்து லொரென்சா என்ற ஆராய்ச்சியாளர் கருவியோடு இறங்கி வந்தாள். அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம்: ஒன்றை எவ்வளவு நேரம் பார்க்கிறார்களோ, அவ்வளவு நேரம் பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தையும் பார்த்து, முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழிப்பார்கள். லொரென்சா ஃபௌஸ்தினோவின் நாற்காலியை ஒரு மணி நேரம் அளந்தாள், பக்கத்து நாற்காலியை ஒரு மணி நேரம் அளந்தாள், கழித்தாள். பூஜ்யம் வந்தது.

“ஒண்ணுமே இல்லைன்னு வந்திருக்கு, தோன்யா ஒப்துலியா. நோட்டீஸைக் கிழிச்சுப் போடுறேன், நிம்மதியா இருங்க,” என்றார் இகினியோ, மூத்த பெண்களுக்கு வைக்கும் ‘தோன்யா’ மரியாதையை விடாமல்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அறை தப்பியிருக்கும். ஒப்துலியாவால் முடியவில்லை. ஒன்றுமே இல்லையென்றால் ஏழு வருடமாகப் பேசியது யாரோடு? லொரென்சாவிடம் தன் நாற்காலியைத் தொட்டுக் காட்டினாள்.

“என் பொண்ணே, ஒண்ணுமில்லாத இடம்னு கழிச்சியே, அது என் நாற்காலி. அதுல நான் உட்கார்றேன்.”

லொரென்சாவுக்கு முகம் சிவந்துவிட்டது. செத்த நட்சத்திரத்தின் மிச்சம் வருடா வருடம் விரியும். அது பக்கத்து இடத்தையும் எட்டியிருந்தால் கழித்தலில் எல்லாமே அடிபட்டுப் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எச்சரிக்கிற தப்பு அது. இந்தத் தடவை அடுப்படியைக் காலியிடமாக வைத்து அளந்தாள். இரண்டு நாற்காலியிலும் ஒரே அளவு இருந்தது.

“அவர் விரிஞ்சு உங்ககிட்ட வந்து சேர்ந்துட்டார், தோன்யா. கொஞ்சம் கொஞ்சமா வந்ததால யாருக்கும் தெரியல. வந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும்.”

“சொல்லவே இல்ல பாரு,” என்றாள் ஒப்துலியா. “இருந்தப்பவும் இப்படித்தான். சத்தமில்லாம வந்து பக்கத்துல உட்கார்ந்திருப்பாரு.”

வெளிச்சம் நிஜமென்று ஆகிவிட்டதால், இகினியோ சட்டத்தை இரண்டு முறை படித்தார். அது விளக்குகளைப் பற்றித்தான் பேசியது, இறந்தவற்றின் மிச்சத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே அறை அப்படியே விடப்பட்டு, வெளிச்சம் மலையுச்சி ஆராய்ச்சியாளர்களின் நட்சத்திர மிச்சப் பட்டியலில் ஏறியது: கராஃபியா, இரண்டு நாற்காலி அகலம், விரிகிறது. இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்று ஒப்துலியா கேட்டாள். சில ஆயிரம் என்றாள் லொரென்சா. போதும் என்று சொல்லிவிட்டு, ஒப்துலியா தன் நாற்காலியில் உட்கார்ந்து, நீலம் விழும்படி உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.