இடது பக்கத்துப் பாட்டில்

"மூணு வரணும். ரெண்டுதான் வந்திருக்கு" என்றாள் பெரம்பூர் லேபில் இருந்த எழில்மொழி.

ஜானட் தான் கொண்டுவந்த கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். திருவொற்றியூர் நர்சிங் ஹோமில் அவள் அப்பா இக்னேஷியஸுக்கு மதியம்தான் ஆபரேஷன் முடிந்திருந்தது. வெட்டியெடுத்ததை வீட்டார் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். பெரிய டப்பாவில் கேன்சர் பிடித்த மூத்திரப்பை. கூடவே இரண்டு சின்னப் பாட்டில்களில், இடுப்பின் இருபுறமும் எடுத்த நிணநீர்க் கணுக்கள். இப்போது மேஜைமேல் பெரிய டப்பாவோடு வலது பக்கத்துப் பாட்டில் மட்டும்தான் இருந்தது.

"பைதான் இருக்கே மேடம், அது போதாதா?"

"போதாதும்மா. பையைத் தாண்டிப் பரவிடுச்சான்னு இந்தக் கணுக்கள்தான் சொல்லும். பரவியிருந்தா கீமோ குடுத்தாகணும். தெரியாமலே விட்டா ஆள் உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் தேடுங்க."

நர்ஸ் முதலில் எல்லாவற்றையும் கொடுத்தது அம்மா ஆலிஸிடம். ஜானட் அம்மாவுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. வார்டில் காவலிருந்த சித்தப்பா பிராங்கிளினுக்குப் போட்டாள்; அவர் உடனே எடுத்தார்.

"அண்ணியா? காசிமேட்டுக் கல்லறைக்குப் போச்சே. கர்சீப்ல இன்னாவோ சுத்திகினு போச்சு."

ஜானட்டுக்கு விளங்கிவிட்டது. ஹார்பரில் பளு தூக்கும் வின்ச்சில் சிக்கிய தாத்தாவின் காலை வெட்டியெடுத்தபோது, அதைக் குடும்பக் கல்லறையில்தான் புதைத்தார்கள். ஞானஸ்நானம் வாங்கிய உடம்பில் ஒரு துண்டுகூடக் குப்பைக்குப் போகக்கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம்.

லேப் வாசலில் காத்திருந்த ஆட்டோவில் தாவி ஏறினாள். "தீனா, காசிமேடு! பறக்கணும்."

"பறக்குறதுக்கு இது இன்னா ஏரோப்ளேனாக்கா?" என்றபடியே தீனா ஆட்டோவை முறுக்கினான்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அவர்கள் மூக்குக்கு முன்னால் இறங்கியது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து வந்து நடுவிலேயே நின்றது. அம்மா பாட்டில் மூடியைத் திறந்து, சதை கெடாமலிருக்க ஊற்றிய மருந்துத் தண்ணீரைக் கொட்டி, மண்ணைத் தள்ளி மூட எவ்வளவு நேரமாகும்? ஜானட் ஆட்டோவிலிருந்து குதித்தாள்.

"அடியில பூந்து போயிடுறேன்டா!"

"ஒரு வூட்டுக்கு ஒரு ஆபரேஷன் போதும்க்கா. குந்து!"

ஒருவழியாக வண்டி நகர்ந்தது.

கல்லறையில் குழி வெட்டும் சாலமன் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி முடித்திருந்தார். ஆலிஸ் மண்டியிட்டுப் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"மம்மி, தொறக்காத!"

"இன்னாடி கூவுற? ஒரே மாதிரி ரெண்டு கீது. டெஸ்ட்டுக்கு ஒண்ணு பத்தாதா? முடிஞ்சதும் குப்பையிலதானே கொட்டுவானுங்க. அவரு ஒடம்ப நாய் இழுக்கணுமா?"

"அது வலது, இது இடது மம்மி! கேன்சரு வெளிய கெளம்புனா மொதல்ல வந்து குந்துற எடமே இதான். இதப் பொதைச்சீன்னா, அடுத்து பப்பாவத்தான் பொதைக்கணும்."

ஆலிஸ் திருகுவதை நிறுத்தினாள். மூடியின் ஓரத்தில் கசிந்த மருந்துத் தண்ணீர் விரலில் வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை இறுக்கினாள்.

"தோண்டுன குழிய இன்னா பண்றதும்மா?" என்றார் சாலமன்.

"மூடு நைனா. காலியாவே மூடு."

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

"வலது பக்கம் சுத்தம். இடது பக்கம் ஒரு கணுவுல பரவியிருக்கு. கீமோ குடுத்தே ஆகணும். இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு."

தலையணையில் சாய்ந்திருந்த இக்னேஷியஸ் வாயைத் திறந்தார்.

"இன்னா ஆலிஸு, என்னை அட்வான்ஸா அனுப்பிவைக்கப் பாத்தியாமே?"

ஆலிஸ் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தாள்.

"ஒடம்பு தாங்குற மொத நாளே ஆரம்பிச்சிடுங்க டாக்டர். இவரு பேச்சக் கேக்காதீங்க."