இரண்டாவது தட்டல்

மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் தையல் மிஷினின் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் உள்ளங்கையால் அழுத்தி நிறுத்திவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள். மருத்துவமனை எண்.

"மேடம், வார்டு டாக்டர் பேசுறேன். அம்மாவுக்கு மாஸ்க் வெச்சும் ஆக்சிஜன் ஏற மாட்டேங்குது. தொண்டையில டியூப் போட்டு மிஷின்ல விடறதுன்னா இப்பவே விடணும். வீட்டுல என்ன சொல்றீங்க?"

"அம்மாவையே கேட்டீங்களா டாக்டர்?"

"கேட்டேன். தலையை ஆட்டுறாங்க. சரிங்கிறாங்களா, வேண்டாங்கிறாங்களான்னு தெரியலை. என் கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு கிடக்கு."

"போட்டா பொழைச்சுப்பாங்களா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. இந்த வயசுல நிறைய பேர் அதுலருந்து திரும்பலை. போடலைன்னா மாஸ்க் எவ்வளவு தாங்குதோ அவ்வளவுதான். டியூப் போட்டா மயக்கத்துல வெச்சிடுவோம். நீங்க பேசுறது அவங்களுக்குக் கேக்காது." பின்னால் யாரோ அவரை அழைத்தார்கள். "பக்கத்துல ஒரு பெட் பாத்துட்டு வர்றேன். போனை வெச்சிடாதீங்க."

அவள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். அங்கே அலமாரியில், மசாலா டப்பாக்களுக்கு நடுவில், சுவரோடு டேப் ஒட்டி நிறுத்திய இன்னொரு போன் இருந்தது. அதில் அம்மாவின் லைன் திறந்திருந்தது. அம்மா வார்டுக்குப் போனதிலிருந்தே அப்படித்தான். அறுந்தால் உடனே மறுபடி கூப்பிடுவார்கள். எலக்ட்ரீஷியனான அவள் கணவன், கூரையிலிருந்து தனி வயர் இழுத்து அதற்கென்றே ஒரு பிளக் வைத்துக் கொடுத்திருந்தான். "அத்தை நம்ம சண்டை எதையும் மிஸ் பண்ணக் கூடாதில்ல" என்றான் அன்று.

மிஷின் ஓடும் சத்தம், குக்கர் சத்தம், குழாய் சத்தம் எல்லாம் அம்மாவின் தலையணைக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து ஆக்சிஜனின் இரைச்சல் இங்கே வந்துகொண்டிருந்தது. மாஸ்க் வைத்த பிறகு அம்மாவால் பேச முடியவில்லை. போனின் மேல் நகத்தால் தட்டுவாள். ஒரு தடவை தட்டினால் சரி. இரண்டு தடவை என்றால் இல்லை, வேண்டாம்.

அது பழைய ஏற்பாடு. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாள். வேலை நேரத்தில் வீட்டோடு பேசக் கூடாது. சூப்பர்வைசர் லைனில் புகுந்து கேட்பார். அதனால் அம்மா வீட்டுக்கு போன் போட்டு, யாரோ சந்தாதாரரிடம் பேசுகிற குரலில், "உங்க கதவு தாழ்ப்பாள் புகாரை சரி பண்ணியாச்சுங்களா?" என்பாள். பிள்ளைகள் இருவரும் ரிசீவரைப் பிடுங்கிச் சண்டை போட்டு, ஒரு தடவை தட்டுவார்கள். "உங்க ரெண்டு லைனுக்கும் சாப்பாடு கனெக்ஷன் கிடைச்சுதுங்களா?" மறுபடி ஒரு தட்டு. அண்ணன் வேண்டுமென்றே இரண்டு தட்டி, அம்மாவைப் பதற வைத்து அடி வாங்கியிருக்கிறான்.

அந்த அண்ணன் இப்போது வேறொரு நாட்டில், ஒரு சரக்குக் கிடங்கில் ஷிப்ட் பார்க்கிறான். ஊரடங்கில் விமானம் எதுவும் ஓடவில்லை. கணவன் தன் போனில் அவனைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான்.

"போடச் சொல்லு குட்டி" என்றான் அண்ணன், முழுதும் கேட்பதற்கு முன்பே. "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"போட்டா நாம பேசுறது கேக்காதாம்ணா."

"பேச்சா முக்கியம்? உசுரு முக்கியம்."

"அதுலருந்து நிறைய பேர் திரும்பலைன்னு டாக்டரே சொல்றாரு."

"அப்போ போடாம வேடிக்கை பாக்கச் சொல்றியா? நீ பக்கத்துல இருக்க, அதனால நீ சொல்றதுதான் சட்டமா?"

"எங்கண்ணா பக்கத்துல இருக்கேன்? ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்ட விட மாட்டேங்கிறாங்க. நீயும் போன்லதான் இருக்க, நானும் போன்லதான் இருக்கேன்."

கணவன் மெதுவாக, "மச்சான், அத்தை முழிச்சுட்டுதான் இருக்காங்க. அவங்களையே கேட்டுடலாமே" என்றான்.

"கேளு" என்றான் அண்ணன். "அம்மா என்ன சொல்றாங்களோ அதுதான். அப்புறம் நானும் பேச மாட்டேன், நீயும் பேசக் கூடாது."

அவள் அலமாரிப் போனின் அருகே போய் நின்றாள்.

"அம்மா, நான்தான். டாக்டர் சொன்னாரில்ல, டியூப் போடறதைப் பத்தி." குரல் மேலே ஏறுவதை அவளே கேட்டாள். இறக்கிக்கொண்டாள். "உனக்கு வேணும்னா ஒரு தடவை தட்டு. வேண்டாம்னா ரெண்டு தடவை. அண்ணனும் கேட்டுட்டு இருக்கான்."

இரைச்சல் மட்டும் வந்தது. கணவன் எட்டி மின்விசிறியை நிறுத்தினான்.

டொக்.

"ஒண்ணு!" என்றான் அண்ணன். "ஒண்ணுதான். டாக்டர்கிட்ட சொல்லு."

"இருண்ணா."

"என்ன இரு? தட்டிட்டாங்கல்ல?"

"கொஞ்சம் வாயை மூடிட்டு இருண்ணா!"

இரைச்சல். எங்கோ ஒரு கருவி கீச்சிட்டு ஓய்ந்தது. துணி உரசும் சத்தம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு டப்பா மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்.

கணவனின் கை மின்விசிறி சுவிட்சிலேயே இருந்தது.

"நடுவுல ரொம்ப கேப் இருந்துச்சே" என்றான் அண்ணன் கடைசியில்.

"கையில தெம்பில்லைண்ணா. ரெண்டு."

"இன்னொரு தடவை கேளேன்."

கேட்டாள். இந்தத் தடவை எதுவும் வரவில்லை. அதற்குள் டாக்டர் அவளுடைய போனில் திரும்பிவிட்டார். "சொல்லுங்க மேடம், எனக்கு வெளியில ரெண்டு பேர் காத்திருக்காங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"வேண்டாம் டாக்டர்" என்றாள். "அம்மாவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

அண்ணன் லைனைத் துண்டித்துவிட்டான்.

*

பிற்பகல் முழுவதும் அவள் மிஷினை விடவில்லை. அவள் முன்பு சட்டைக் காலர் தைத்துக் கொடுத்த கம்பெனிக்கு இப்போது முகக்கவசம்தான் வேண்டியிருந்தது. ஒரு மடிப்பு, ஒரு தையல், ஒரு நாடா. நடுநடுவே நிறுத்தி, "அம்மா, கேக்குதா?" என்பாள். டொக். "வலிக்குதாம்மா?" டொக், டொக். அது உடனுக்குடன் வந்தது. காலையில் இருந்த தயக்கமில்லை. அம்மா தேறி வருகிறாள் என்று நினைத்தாள். மதியம் கணவன் சாப்பிட உட்கார்ந்து, "அத்தை, உங்க பொண்ணு உப்பையே கண்ணுல காட்ட மாட்டேங்கிறா. நான் சொன்னா எடுபடலை. நீங்களாவது கேளுங்க" என்றான். டொக் என்று வந்தது. அவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அதைச் சொல்ல அண்ணனை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

அம்மாவுக்குப் பக்கத்து பெட்டில் ஒரு பெண் இருந்தாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். மூக்கில் மட்டும்தான் அவளுக்கு ஆக்சிஜன் குழாய், அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. அம்மாவின் போனுக்கு சார்ஜர் மாட்டிவிடுவது அவள்தான். "ரெண்டு பெட்டுக்கும் ஒரே பிளக்கும்மா. உங்க அம்மா போனுக்கும் என் போனுக்கும் சக்களத்திச் சண்டை" என்று முதல் நாள் லைனில் அறிமுகமானாள். அவள் கணவர் கீழ்த் தளத்தில், ஆண்கள் வார்டில் கிடந்தார். அவருக்கு போன் பார்க்கிற நிலை இல்லை. மகன் கப்பலில். அதனால் இந்த வீட்டுச் சத்தத்தை அவளும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ரெண்டு விசில்லயே இறக்கிட்டீங்க போல" என்று குக்கருக்குக் கூட ஆலோசனை சொன்னதுண்டு. இன்றைக்கு மட்டும் காலையிலிருந்து அந்தக் குரல் வரவில்லை. தூங்குகிறாள் போலும் என்று இவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஜன்னல் வெயில் மிஷின் மேசையை விட்டு இறங்கியிருந்தது. "அம்மா, நூல் மாத்துறேன், கொஞ்ச நேரம் சத்தம் வராது. சரியா?" என்றாள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. டாக்டர்.

"மேடம், உட்காந்துக்கோங்க. அம்மா தவறிட்டாங்க. நாங்க பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிப் பாத்தோம். கொஞ்ச நேரம் முன்னாடி..."

டொக், என்றது அலமாரிப் போன்.

"டாக்டர்" என்றாள். "நீங்க வேற யாரையோ சொல்றீங்க. அம்மா இப்பதான் தட்டினாங்க."

"இல்லம்மா. நான் அவங்க பக்கத்துல இருந்துதான் வர்றேன்."

"இப்ப தட்டினாங்க டாக்டர். நான் நூல் மாத்துறேன்னு சொன்னேன், அதுக்குத் தட்டினாங்க."

டாக்டரின் மூச்சு மட்டும் கவசத்துக்குள் மோதிக் கேட்டது. பிறகு, பின்பக்க கேட்டுக்கு நாளைக் காலையில் வரச் சொன்னார். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்றார். போனை வைத்தார்.

அவள் அலமாரி முன்னால் போய் நின்றாள்.

"யாரு?" என்றாள்.

இரைச்சல் இருந்தது. அதற்குள்ளிருந்து, நீண்ட நேரம் கழித்து, ஒரு குரல் வந்தது.

"அம்மாடி, நான்தான். பக்கத்து பெட்."

"நீங்களா தட்டினீங்க?"

"நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்த. அவங்களைச் சுத்தி எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்க, போன் எங்கிட்ட வந்துடுச்சு. நீ அம்மா, அம்மாங்கிற. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. டாக்டர் சொல்லட்டும்னு..." இருமினாள். இருமல் நிற்க நேரமானது.

"மதியம் உப்பு?"

"நான்தான்."

"வலிக்குதான்னு கேட்டது?"

"நான்தான்மா. அவங்களால கையைத் தூக்கவே முடியலை. என் பக்கம் பாத்தாங்க. அவங்க கண்ணால சொல்றதைத்தான் தட்டினேன். அவங்களே சொல்லிக் குடுத்தாங்க, மொத நாளு. ஒண்ணுன்னா சரி, ரெண்டுன்னா இல்லை. எக்ஸ்சேஞ்சு கதையெல்லாம் சொல்லி ஒரே சிரிப்பு."

கணவன் வெளியிலிருந்து வந்து வாசற்படியில் நின்றான். கேட்டுவிட்டான் என்று தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

"அக்கா, காலையில" என்றாள். "டியூப் பத்திக் கேட்டப்போ. அதைத் தட்டினது யாரு?"

அந்தப் பக்கம் இருமல் தொடங்கி அடங்கியது.

"அக்கா."

"மொதல்ல தட்டினது அவங்க. அவங்களேதான். அதுக்கப்புறம் கை நழுவி இந்தப் பக்கம் தொங்கிடுச்சு. தலையை ஆட்டினாங்க. இப்படி, இப்படி." எப்படி என்பது லைனில் தெரியவில்லை. "எனக்கு அது வேண்டாம்னு பட்டுச்சு. வண்டியில பின்னாடி உக்காந்திருக்கிற புள்ளைங்க தலையை, கண்ணாடியிலேயே பாத்துப் பழகினவ நான். எது வாந்தி எடுக்கப் போவுது, எது அழப்போவுது, தலையாட்டுறதுலயே சொல்லிடுவேன். அதனால... ரெண்டாவதை நான் எட்டித் தட்டினேன்."

அடுப்பில் எதுவோ கொதித்து வழிந்தது. கணவன் வந்து அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

"அம்மாடி" என்றது குரல். இப்போது அதில் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு முட்டியது. "நான் தப்பாத் தட்டிட்டேனா?"

அவள் விரல் அலமாரியின் விளிம்பில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்தது. டேப் கொஞ்சம் கொஞ்சமாக, சுவர்ச் சுண்ணாம்போடு உரிந்து வந்தது.

"இல்லக்கா" என்றாள். "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாங்க."

"சொன்னாங்கம்மா."

"ஆமா. சொன்னாங்க."

*

மறுநாள் காலை மருத்துவமனையின் பின்பக்க கேட்டில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவளும் கணவனும். அந்தப் பக்கம் வண்டி. ஜிப் போட்ட பையை நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவர்கள் உடம்பு முழுக்க மூடியிருந்ததால் ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. அவர்களில் ஒருவர் மட்டும் ஏற்றி முடித்ததும் நெஞ்சில் கை வைத்து ஒரு நொடி நின்றார். அண்ணன் வீடியோவில் பார்ப்பதற்காக அவள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கை வலித்தது. மாற்றிக்கொண்டாள்.

நர்ஸ் ஒருத்தி தூரத்திலிருந்தே, "அம்மாவோட துணியெல்லாம் தர மாட்டோம். போன் மட்டும் துடைச்சுத் தரட்டுமா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"பக்கத்து பெட் அக்காகிட்ட இருக்கட்டும்."

"அவங்களுக்கும் விடிகாலையில மாஸ்க் வெச்சாச்சு" என்றாள் நர்ஸ்.

வண்டி திரும்பிப் போன பிறகும் அண்ணன் திரையில் இருந்தான். அவனுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. வேலையிலிருந்துதான் பேசுகிறான்.

"குட்டி."

"ம்."

"அந்த கேப். எனக்குத் தூக்கமே இல்லை. ஒண்ணோட நின்னிருந்தா என்ன பண்ணியிருப்போம்?"

கணவன் சட்டென்று கயிற்றின் முடிச்சைப் பார்க்கப் போனவன்போல நகர்ந்துகொண்டான்.

"நிக்கலையேண்ணா. ரெண்டு தடவை. நீயும்தான கேட்ட."

"கேட்டேன்" என்றான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். "ரெண்டுதான். நானும் கேட்டேன்."

வீட்டுக்கு வந்து இருவரும் குளித்தார்கள். துணிகளை வாளியில் முக்கினாள். ஈரத் தலையோடு அடுக்களைக்கு வந்தபோது, டேப் உரிந்த அலமாரிப் போன் மிளகாய் டப்பாவின் மேல் சாய்ந்து கிடந்தது. லைன் அறுந்திருக்கவில்லை. அதே இரைச்சல்.

கணவன் சார்ஜர் வயரைத் தொட்டு, எடுத்துவிடட்டுமா என்பதுபோல் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

போனை நிமிர்த்தி வைத்தாள்.

"அக்கா, நான்தான். வந்துட்டோம்" என்றாள். "உங்களுக்கு ஏதாவது குடிக்கக் குடுத்தாங்களா?"

கொஞ்ச நேரம் ஆனது.

டொக்.

அவள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். லைட்டரை எடுத்தாள். பற்றவைக்காமல், அதைக் கையில் பிடித்தபடி, இன்னொரு தட்டு வருமோ என்று போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.