ஆளில்லாத தெரு

காமிராவின் சின்னக் கண்ணாடிக்குள் தெரு முழுசாக வந்துவிட்டது. சைக்கிள் கடை போர்டு, மருந்துக்கடை போர்டு, மாடியில் டைப்ரைட்டிங் பள்ளிக்கூடத்துப் போர்டு, எல்லாவற்றின் மேலும் காலை வெயில் விழுந்திருந்தது. குறுக்கே நாலைந்து சித்தாள் பெண்கள் மட்டும் ஜல்லிக்கூடையோடு போய் வந்துகொண்டிருந்தார்கள். தெருவோரம் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டி கான்கிரீட் போடுகிற வேலை. அவர்கள் இல்லாமல் இருந்தால் படம் சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஏம்மா, கொஞ்சம் அந்தாண்ட போங்க" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. மேஸ்திரிதான் திரும்பினார். என் வெள்ளைச் சட்டையையும் கழுத்தில் தொங்கிய தோல் உறையையும் பார்த்தார்.

"ஏய், சார் போட்டோ புடிக்கிறாரு, கண்ணு தெரியல? ஓரமா போங்கடி, ஜல்தி!"

சார். அதுவரை என்னை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குகிறவன். "டேய்" என்பார்கள், "இந்தாப்பா" என்பார்கள், நல்ல மனசுக்காரர்கள் பெயர் சொல்லி "சவுரி" என்பார்கள். முப்பத்தாறு வயசில் முதியோர் கல்வியில் சேர்ந்துதான் எழுத்துப் படித்தேன். படித்த புதுசில் ஒரு சாவுக்கு விழுப்புரம் போக வேண்டி வந்தது. ரயில் நின்றதும் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். அதற்கு முன்னால் எத்தனையோ தரம் அங்கே இறங்கியிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் இது எந்த ஊருங்க என்று கேட்டுத்தான் இறங்குவேன். அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. வெளியே வந்தால் தெரு முழுக்கப் போர்டு. சாவு வீட்டை மறந்து, நின்று நின்று படித்துக்கொண்டே போனேன்.

அந்தத் தெருவைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது பிடித்த ஆசை. அமாவாசை என்றால் மண்டி லீவு. மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். நான் காலை பாசஞ்சரில் விழுப்புரம் போவேன். ஸ்டுடியோக்காரர் விருத்தாசலத்திடம் அவர் ஒதுக்கிப் போட்டிருந்த பெட்டிக் காமிராவைக் கெஞ்சி வாங்கினேன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பன்னிரண்டும் விழுப்புரம்தான். மண்டியில், "இன்னா சவுரி, தாஜ்மகால அங்க மாத்திக் கட்டிக்கினு இருக்காங்களா?" என்று சிரிப்பார்கள். என் பெண்சாதி பூமாலை சிரிக்கக்கூட மாட்டாள். "மெட்ராசுக்கு டூர் போறவன் உண்டு. விழுப்புரத்துக்கு டூர் போற ஆள இந்த ஊட்லதான் பாக்குறேன்" என்பாள்.

என் அக்கா லூர்துமேரி இருந்ததும் விழுப்புரத்தில்தான். அத்தான் செத்துப் போன பிறகு அங்கே ஒரு கன்னியாஸ்திரி மடத்தில் சமையல் வேலை கிடைத்ததாகச் சொன்னாள். "அங்கெல்லாம் ஆம்பளைங்க வரக்கூடாதுடா, மதரு திட்டுவாங்க" என்பாள். நானும் போனதில்லை. மாசம் தவறாமல் அந்த ஊருக்குப் போகிறவன், மடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட விசாரிக்கவில்லை. போனால் ஒருநாள் அவளோடு போய்விடும், படம் எடுக்க முடியாது. அதுதான் உண்மை.

மேஸ்திரி அதட்டியதும் பெண்கள் ஒதுங்கினார்கள். கடைசியாக ஒருத்தி மட்டும் கூடையை இறக்காமல் மெதுவாகப் போனாள். தூசிக்காக முகத்தைத் துணியால் சுற்றியிருந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை. அம்மா செத்த பிறகு அப்படி நடக்கிறவள் இடுப்பில்தான் நான் வளர்ந்தேன். நடவுக்குப் போனாலும் களைவெட்டப் போனாலும் என்னைத் தூக்கிக்கொண்டேதான் போவாள்.

அவள் திரும்பினாள். கண் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். அப்புறம் மருந்துக்கடைப் படிக்குப் பின்னால் போய், காற்றில் பறந்த முந்தானையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். துணி நுனிகூட வெளியே தெரியவில்லை.

அக்கா என்று கூப்பிட ஒரு மூச்சு போதும்.

"எடுத்துக்கோங்க சார்" என்றார் மேஸ்திரி.

எடுத்தேன். அவரிடம் "தேங்க்ஸ்" என்றேன். படிக்கட்டுப் பக்கம் திரும்பாமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். நான் கூப்பிட்டிருந்தால் அவளுக்குத்தான் அவமானம், அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று வண்டியில் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த ஸ்டேஷன் முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் அந்தப் பேச்சு தீர்ந்துவிட்டது. நான் காப்பாற்றியது அந்த மேஸ்திரி கொடுத்த "சார்" பட்டத்தை.

அடுத்த அமாவாசைக்கு நான் போகவில்லை. அதற்கடுத்த அமாவாசைக்குப் போனேன். கால்வாய் வேலை முடிந்து, மேலே பலகைக்கல் போட்டு மூடியிருந்தார்கள். யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

கிறிஸ்துமசுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளுக்கு முறுக்கு, பூமாலைக்கு வளையல். தலையில் நிறைய எண்ணெய் வைத்து வாரியிருந்தாள்.

"மடத்துல வேல எப்படி அண்ணி?" என்று பூமாலை கேட்டாள்.

"அதுக்கு இன்னா கொறச்சல்? பொங்கிப் போட்டுக்கினு நெழல்ல கெடக்குறேன்."

அவள் விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்று வெடித்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்க தம்பி கூத்தப் பாருங்க அண்ணி" என்று பூமாலை போட்டோ டப்பாவைக் கொண்டு வந்துவிட்டாள். "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றேன். அதற்குள் அக்கா மடியில் கொட்டியாயிற்று. அந்தப் படத்தை நான் கிழித்திருக்கலாம். எத்தனையோ தரம் கையில் எடுத்தேன். ஆனால் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதனால் மனசு வரவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் அதில் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நல்லாக்குதுடா. தெருவத் தொடச்சி வுட்ட மாதிரி."

"ஒரு ஆளு இல்ல, ஈ காக்கா இல்ல. இதுல இன்னா அழகு?" என்றாள் பூமாலை.

"இல்லாததாலதான் அழகு" என்றாள் அக்கா. குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே அப்படி நினைக்கிற மாதிரி சொன்னாள். "எனக்குக் குடுப்பியா சவுரி?"

"எடுத்துக்கக்கா."

"வெறுமனே குடுக்காத. பின்னாடி எழுதிக் குடு. எந்த ஊரு, யாரு எடுத்தது, அப்ப யாரு யாரு இருந்தாங்கன்னு. நீதான் இப்ப எழுதுவியே."

"உனக்குப் படிக்கத் தெரியாதேக்கா."

"கூட வேல செய்யறவளுங்க படிச்சிச் சொல்லுவாளுங்க."

"மடத்துலயா?" என்று பூமாலை கேட்டாள்.

"ஆங். மடத்துலதான்."

படத்தைக் கவிழ்த்து, பெரியவனுடைய பள்ளிக்கூடப் பேனாவை வாங்கிக்கொண்டேன். விழுப்புரம் என்று எழுதினேன். அதற்குக் கீழே என் பெயர். அக்கா இன்னும் கிட்டே நகர்ந்து வந்தாள். எண்ணெய் வாசனை வந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் பேனா நின்றுவிட்டது தெரிந்தது. "எழுதுடா" என்றாள் மெதுவாக. முனையிலிருந்து மை இறங்கி, என் பெயருக்குக் கீழே ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே இருந்தது.