வெள்ளைப் பூச்சு

கப்பல்களின் மின்னணு வரைபடத்தில் கடல்பனி இருக்கும் இடங்களை வெள்ளை நிறத்தால் குறிப்பது அக்காவின் வேலை. கப்பல் ஓட்டும் தம்பி ஒருநாள் போனில் குறைபட்டுக்கொண்டான். “உன் வெள்ளைப் பூச்சு கடலோட ஆழத்தைக் காட்டுற எண்களை மறைக்குதுக்கா. கொஞ்சம் மங்கலாக்கேன்.”

“கண்ணாடி வாங்கிப் போட்டுக்கடா, கிழவா,” என்று சிரித்தாள். அத்தோடு மறந்தும் போனாள்.

அடுத்த மாதம், ஆழம் குறைந்த ஓரிடத்தில், எண்களைப் பார்ப்பதற்காக அவன் அந்தப் பூச்சையே திரையிலிருந்து நீக்கினான். கப்பல் பனிப்பாளத்தில் மோதிக் கிழிந்தது.

விசாரணையில் அதிகாரி அவளிடம் கேட்டார். “எண்கள் மறையுதுன்னு முன்னாடி யாராச்சும் சொன்னாங்களா?”

எதிரே இருந்த தம்பி முந்திக்கொண்டான். “யாரும் சொல்லலீங்க. தப்பு என்னோடதுதான்.”

அவள் உண்மையைச் சொன்னால் அவன் உரிமம் தப்பும்; அவள் வேலை போகும். அதிகாரி அவன் சொன்னதையே எழுதி, தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.